பிரான்சில் ஒரு நாற்காலி

முதல் மணி அடிக்கும்போதே ஞானசௌந்தரி கோயிலுக்குள் பாய் விரித்திருப்பார். இடம் மாறாது: பெரிய வீட்டு மதலேன் அம்மாளின் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி. பிரம்பு நாற்காலி, முதுகில் பித்தளைத் தகடு, அதில் குடும்பப் பெயர். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷமாகிறது. நாற்காலி இறங்கவில்லை.

"பூசையில நான் மாதாவப் பாக்குறதா, இவ முட்டியப் பாக்குறதா?" என்பார். ஆனால் பாயை நகர்த்தமாட்டார்.

தொழில், ரவிக்கை தைப்பது. ஊரில் யாருக்குத் தைத்தாலும் கச்சிதமாக இருக்கும். மதலேன் அம்மாளுக்கு மட்டும் அக்குளில் பிடிக்கும். "ஒடம்பு போட்டுட்டீங்கம்மா" என்று அனுதாபப்படுவார். தனக்கும் ஒரு நாற்காலி போட சாமியாரிடம் இரண்டு முறை அனுமதி கேட்டார். இரண்டு முறையும் தாழ்ச்சியின் மகிமையைக் கேட்டுத் திரும்பினார்.

அப்போதுதான் தம்பி அந்துவானின் கடிதம் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டவன். 'இந்த ஊர்க் கோயிலில் இருநூறு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை வருவது ஒன்பது கிழவிகளும் நானும். மற்றவர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருவதோடு சரி. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம்கூடக் கொடுப்பதில்லை. என்னை முதல் வரிசையில் உட்கார வைக்கிறார்கள்.'

ஞானஸ்நானம் அவர் காதில் ஏறவில்லை. "மொத வரிசையாம்! மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்ச பய!"

ரவிக்கை வாங்க வந்த அஜீசுன்னிசா வாயில் கைவைத்தார். "அல்லாவே, அத்தன நாற்காலியும் சும்மாவா கெடக்குது? கப்பலேறிப் போயி குந்திக்குங்கக்கா."

அஜீசுன்னிசா சொன்னது கேலிக்கு. ஞானசௌந்தரி அன்றே வெள்ளைக் கைக்குட்டை ஒன்றில் தன் பெயரைப் பூவேலையாகப் போட்டார். நாகப்பட்டினம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா? பதில் கடிதத்தோடு மடித்து வைத்து எழுதினார்: 'முதல் வரிசையில் நடு நாற்காலியில் இதைப் போட்டு வை. ஒருத்தரையும் உட்கார விடாதே.'

கடிதம் போன மறு ஞாயிறு சாமியார் பிரசங்கத்தில் பிரான்சைப் பற்றிப் பேசினார். "நமக்கு வேதம் கொண்டுவந்த தேசத்துலயே கோயிலெல்லாம் காலியாப் போச்சு. அவுங்க அத்தன பேரும் திரும்பி வரணும்னு வேண்டி, செபமாலையில பத்து மணி சொல்லுங்க."

மதலேன் அம்மாள் உரக்கத் தொடங்கினார். ஞானசௌந்தரியும் செபமாலையைக் கையில் எடுத்தார். வழக்கமாக ஊருக்கு முன்னால் ஓடி முடிக்கிற குரல் அவருடையது. பத்தும் முடிந்து எல்லோரும் சிலுவை போட்டபோது, அவர் கட்டைவிரல் முதல் மணியிலேயே இருந்தது.