அசைக்க முடியாத தலைவர்

இன்று காலை மீன் கொண்டுவந்த நொச்சிக்குப்பத்து அஞ்சலையிடம் பத்திரிகைச் செய்தியைச் சொன்னேன். ஆட்சித் தலைவரை இங்கிலாந்து போல் பார்லிமெண்டு சபையினர் தேர்ந்தெடுப்பதா, அமெரிக்கா போல் ஜனங்களே தேர்ந்தெடுப்பதா என்று புது அரசியல் சட்டத்துக்காக டில்லியில் விவாதம்.

"அமெரிக்க முறைதான் சரி. நாலு வருஷம் எளிதில் அசைக்க முடியாது," என்றேன்.

"இன்னாம்மா, தப்பு பண்ணாலும் பாத்துக்கினு இருக்கணுமா? எங்க குப்பத்துல பஞ்சாயத்தாருங்கதான் தலைவர வைப்பாங்க, அவங்களே எறக்குவாங்க. போன மாசம் எங்க வூட்டுக்காரரையே எறக்கிட்டாங்க."

"உனக்கு வருத்தமில்லையா?"

"இன்னாத்துக்கு? இப்பத்தான் ஒயுங்கா கடலுக்குப் போறாரு!"

சிரித்துவிட்டேன். வஞ்சிரமும் நன்றாக இருந்தது.

சகோதரிகளே, நம் கோயில் மாதர் சங்கத்துக்குப் பதினொரு வருஷமாக நானே தலைவி. இறக்குவதற்கு நம்மிடம் விதியே இல்லை. ஞாயிறு பூசைக்குப் பின் ஒன்று எழுதுவோமா? சொல்லுங்கள். கோபப்பட மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.