சொராய்டா நனைத்த கோட்டு

சனிக்கிழமை காலை. சமையலறை ஜன்னலை ஒட்டிப் போட்ட பலகையில் சொராய்டா கணவனின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சில் இரண்டு பக்கமும் பொடிப்பொடி மடிப்பாக ஓடும் சட்டை. கியூபாக்காரன் வீட்டில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதுதான். மடிப்பு ஒன்றுகூடக் கோணாமல் வரவேண்டுமானால் கை நிதானமாக இருக்கவேண்டும். இன்றைக்கு நிதானம் இல்லை. பெட்டியைத் தேய்க்கவில்லை, அறைந்தாள்.

"சட்டை என்னடி பாவம் பண்ணிச்சு?" என்றார் எலாடியோ. மேசையில் காப்பிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் மியாமியை ஒட்டிய ஹயலீயாவில் டவுன் பஸ் ஓட்டியவர். பக்கத்தில் என்ன சத்தம் கேட்டாலும் முகம் மாறாது.

"நீங்க சும்மா இருங்க."

"சும்மாதான் இருக்கேன். நாற்பது வருஷமா இருக்கேன். கோபம் அந்தக் கிழவி மேலன்னா அவகிட்டக் காட்டு. துணிகிட்டக் காட்டாதே."

"அதுக்குத்தானே போறேன்."

"போ. ஆனா மேடையிலே கோட்டுக்கு இஸ்திரி போடறதா ஒத்துக்கிட்டு வந்திருக்கியே, அதுதான் எனக்குப் புரியலை. சர்க்கஸ் குரங்கு மாதிரி."

சொராய்டா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டையைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். சுடச்சுட விழுந்தது. அவர் துள்ளினார்.

சொராய்டா பூப்போவுக்கு எழுபது வயது. கியூபாவில், சியென்ஃபுவேகோஸ் என்கிற ஊரில், அவள் அம்மா ஒரு ஹோட்டலுக்குத் துணி வெளுத்துப் போட்டவள். லினன் துணியை ஒட்ட உலர விடக்கூடாது, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தேய்க்கவேண்டும் என்பதைச் சொராய்டா ஏழு வயதில் கற்றுக்கொண்டுவிட்டாள். எண்பதாம் வருஷம், இருபத்துநாலு வயதில், நூற்றைம்பது பேரோடு ஒரு இறால் படகில் நின்றுகொண்டே இந்த அமெரிக்கக் கரைக்கு வந்தாள். கொண்டுவந்தது மாற்றுத்துணி ஒன்று, அப்புறம் இந்தக் கை.

அந்தக் கைதான் அவளைக் ‘காஸ்வே’யில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த நாளில் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நாடே வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்த துப்பறியும் தொடர். கொலையை எவன் செய்தான் என்பதைவிடத் துப்பறிகிறவன் என்ன உடுத்தியிருக்கிறான் என்பதைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். புதினா நிறத்தில் லினன் கோட்டு. மியாமி முழுக்க ஆண்கள் அந்த நிறத்தைத் தேடி அலைந்த காலம் அது. கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டவள் சொராய்டா.

ஒரே கோட்டு என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நாலு கோட்டு. தண்ணீரில் குதிக்கிற காட்சி என்றால் ஒன்று காய்ந்தது, ஒன்று சொட்டச் சொட்ட நனைந்தது, ஒன்று பாதி உலர்ந்தது, ஒன்று நடிகருக்குப் பதிலாகக் குதிக்கிற சண்டைக்காரர் போட்டுக்கொள்ள. குழம்பாமலிருக்கக் காலருக்கு உள்பக்கம் ஒரு ஊசி, இரண்டு ஊசி, மூன்று, நாலு என்று குத்திவைப்பாள். எந்தக் காட்சிக்கு எது என்று, எடுத்த கையோடு அட்டையாக வந்து விழும் போலராய்டு படம் ஒன்று எடுத்து, கீழே வெள்ளைப் பட்டையில் எழுதி, ஹேங்கரில் மாட்டிவிடுவார்கள். எழுதுகிறவள் க்வென் ஹாட்லி, உடைகளுக்கெல்லாம் தலைவி.

எண்பத்தாறில் ஒரு காட்சி. துப்பறிகிறவன் கொலைகாரனைத் துரத்திக்கொண்டு கால்வாயில் குதிக்கிறான், நீந்துகிறான், கரையேறுகிறான், படகுக் கொட்டகைக் கதவை உதைத்துத் திறக்கிறான். கதவுக்கு அந்தப் பக்கத்தை நாலு நாள் கழித்துப் படம் பிடித்தார்கள். சொராய்டா காலையிலேயே இரண்டு ஊசிக் கோட்டை உப்புத்தண்ணீர் வாளியில் முக்கி எடுத்துத் தொங்கவிட்டிருந்தாள். படத்தின் பட்டையில் ‘காட்சி 41, ஈரம்’ என்று இருந்தது. க்வென் வந்து பார்த்தாள். நனைந்த கோட்டில் நடிகருக்குத் தொப்பை தெரிகிறது, காய்ந்ததை எடு, மொடமொடவென்று தேய்த்துக் கொண்டுவா என்றாள்.

"இப்பத்தானே அம்மா தண்ணியிலேருந்து ஏறினார்?" என்று சொராய்டா கேட்டாள். கேட்டதற்குப் பதிலாக க்வென் பேனாவை எடுத்து ‘ஈரம்’ என்பதை அடித்து, ‘காய்ந்தது’ என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரின் இரண்டு முதலெழுத்தைப் போட்டாள்.

ஒளிபரப்பான மறுவாரம் நாடே சிரித்தது. கால்வாயிலிருந்து ஏறி நாலு அடி வைப்பதற்குள் கத்தி மாதிரி மடிப்போடு கோட்டு! பத்திரிகையில் கேலிப்படம் வந்தது. தயாரிப்பாளர் கூப்பிட்டுக் கேட்டபோது க்வென் சொன்னாளாம்: "அந்தப் புது இஸ்திரிப் பொண்ணு. எதைக் கையிலே கொடுத்தாலும் தேய்ச்சுடும். பழக்கதோஷம்." வெள்ளிக்கிழமை சொராய்டாவின் அனுமதிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை, ஹேங்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோ வாசலுக்குப் போனாள். காவல்காரன் உள்ளே விடவில்லை. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அதற்கப்புறம் பதினோரு வருஷம் நீச்சலுடைத் தொழிற்சாலையில் எலாஸ்டிக் தைத்தாள். பிறகு சலவைக்கடையில் பேன்ட் சுருக்குவதும் ஜிப் மாற்றுவதும். படம் மட்டும் அலமாரியில், கல்யாணப் போட்டோவுக்குக் கீழே கிடந்தது.

அதெல்லாம் முடிந்த கதை என்றுதான் இருந்தாள், போன மாசம் டென்னி கிராஃப்ட் என்கிற ஆள் சலவைக்கடைக்குப் பூங்கொத்தோடு வந்து நிற்கிறவரைக்கும். ஓய்வுபெற்ற தபால்காரர். ‘காஸ்வே’ ரசிகர் சங்கத்தின் தலைவர். அந்த உஷ்ணத்திலும் புதினாக் கோட்டு.

"நீங்கதானா? நீங்களேதானா அந்த சொராய்டா?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"எந்த சொராய்டா?"

அப்போதுதான் தெரிந்தது. முப்பது வருஷமாக அவர்கள் அந்தக் காட்சிக்கு ‘சொராய்டாவின் அற்புதம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நானூறு பக்கக் கையேட்டில் அவளுக்கு ஒரு பக்கம். ‘கியூபாவிலிருந்து வந்த வெகுளிப்பெண், ஈரக் கோட்டையும் பழக்கதோஷத்தில் தேய்த்துவிட்டாள். அந்தக் கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.’ வருஷா வருஷம் கடற்கரை ஹோட்டலில் கூடி, எல்லோரும் கோட்டோடு நீச்சல்குளத்தில் குதித்து, ஏறி, தேய்த்த கோட்டை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்களாம். இஸ்திரிப்பெட்டி படம் போட்ட பனியன்கூட உண்டு. அவளுக்கு ஒன்று கொடுத்தார். எலாடியோ அதில்தான் இப்போது கார் துடைக்கிறார்.

"என் பேரை எடுங்க," என்றாள் சொராய்டா.

டென்னிக்குப் புரியவில்லை. "எங்கேருந்து?"

"புஸ்தகத்திலேருந்து, பனியன்லேருந்து, உங்க வாயிலேருந்து. அது நான் செஞ்ச தப்பு இல்லை." மறுநாள் வரச்சொல்லி, வீட்டிலிருந்து படத்தைக் கொண்டுவந்து காட்டினாள்.

டென்னி அதைக் கோவில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். "கடவுளே, இது நிஜமானதா? இதுக்கு முழுப் பக்கம் கொடுத்துடலாம்!"

"அதிலே எழுதியிருக்கறதைப் படிங்க."

படித்தார். முகம் கொஞ்சம் வாடியது. கெட்ட ஆள் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "தொண்ணூத்தாறுல பேட்டியிலே க்வென்தான் இதைச் சொன்னாங்க. எங்க கையேட்டுக் குழுவிலே பதினாலு பேர். கையெழுத்து யாரோடதுன்னு கேப்பாங்க. க்வென் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மாத்திடறேன். நாற்பதாம் வருஷப் பதிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது. சனிக்கிழமை அவங்களும் வராங்க, நீங்களும் வாங்களேன். மேடையிலே ஒரு கோட்டைத் தேய்ச்சுக் காட்டினா ஜனங்க பைத்தியமாயிடுவாங்க."

அதற்காகத்தான் ஒத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை. அதை வாங்கிவிட்டால் போதும். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் செத்தாலும் அந்தப் புத்தகம் இருக்கும். பேரப்பிள்ளைகள் புரட்டிப்பார்த்தால் பாட்டி பெயருக்கு நேரே ‘வெகுளிப்பெண்’ என்று இருக்கும். வெகுளியாம். நாலு கோட்டையும் இருட்டில் தடவிப்பார்த்தே எது எது என்று சொன்னவள் வெகுளியாம்.

இஸ்திரி முடித்து அவளும் எலாடியோவும் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது குளத்தில் அமர்க்களம். வழுக்கைத் தலையும் தொப்பையுமாக நாற்பது பேர் தொபுக்கடீர் தொபுக்கடீரென்று விழுந்துகொண்டிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் கோட்டு மேலே மிதக்க, மூச்சுவாங்கப் படியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதுங்களைப் பார்த்தா கோபப்படவே தோணலை," என்றார் எலாடியோ. "பாவமா இருக்கு."

"உங்களுக்கென்ன. உங்க பேரைச் சொல்லியா குதிக்கிறாங்க?"

க்வென் மாடி அறையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எண்பத்திரண்டு வயது. கழுத்தில் பட்டுத்துணி, கையில் வெள்ளிப்பிடி வைத்த கைத்தடி. சொராய்டாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணு! நீ இன்னும் இஸ்திரிதான் போடறியா?"

"நீங்க இன்னும் பேட்டிதான் கொடுக்கறீங்களா?" என்றபடி சொராய்டா படத்தை நீட்டினாள். "இது உங்க கையெழுத்துன்னு டென்னிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் வீட்டுக்குப் போயிடறேன். மேடையெல்லாம் வேண்டாம்."

க்வென் படத்தைக் கையில் வாங்கவே இல்லை. "கண்ணாடி கொண்டுவரலையே."

கண்ணாடி சங்கிலியில் அவள் நெஞ்சிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"உன்னை இவங்களுக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் க்வென், குரலைத் தாழ்த்தி. "பனியன் போட்டிருக்காங்க உனக்கு. எனக்கு யாராவது பனியன் போட்டாங்களா? நல்லா இருக்கறதைக் கெடுத்துக்காதே."

"எனக்கு வேலை போச்சு."

"எல்லாருக்கும்தான் போச்சு. மூணாம் வருஷம் தொடரையே நிறுத்திட்டான்."

சொராய்டா படத்தை இன்னும் அவள் முன்னால் நீட்டியபடியே நின்றாள். அதற்குள் டென்னி ஈரத்தலையோடு ஓடிவந்து ஒலிபெருக்கியைத் தட்டினார். விளக்கை அணைத்து அந்தக் காட்சியைப் போட்டார்கள். கால்வாய், நீச்சல், கதவு. கோட்டு தெரிந்ததும் அறையே ஒரே குரலில் "சொரா...ய்...டா!" என்று கத்தியது. விளக்கு வந்தது. மேடையில் இஸ்திரிப் பலகை, பெட்டி, கசங்கிய புதினாக் கோட்டு, தண்ணீர் ஜாடி எல்லாம் தயாராக இருந்தன. கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்கள்.

கோட்டை எடுத்துக் கையால் தடவினாள். லினன்கூட இல்லை. பாலியெஸ்டர்.

பெட்டியைத் தொடவில்லை. ஜாடியை எடுத்தாள். முதலில் காலர், அப்புறம் தோள், அப்புறம் கை என்று நிதானமாக, ஒரு இடம் விடாமல் ஊற்றினாள். ஜாடி காலியானதும் கோட்டை ஹேங்கரில் மாட்டிப் பலகை முனையில் தொங்கவிட்டாள். தண்ணீர் தரைவிரிப்பில் சொட்டியது. படத்தை எடுத்து அதே ஹேங்கரில் செருகினாள்.

"அன்னிக்கு நான் செஞ்சது இதுதான்," என்றாள் ஒலிபெருக்கியில். "நனைச்சு வெச்சேன். எனக்குத் தெரியும். தண்ணியிலேருந்து வர்றவன் நனைஞ்சிருப்பான்னு எனக்குத் தெரியும்."

கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். விசில் அடித்தார்கள். யாரோ ஒருவர் மேடைக்கு ஓடிவந்து சொட்டுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று தன்னையே படம் எடுத்துக்கொண்டார். "திரும்பவும் ஊத்துங்க! திரும்பவும் ஊத்துங்க!" என்று பின்னாலிருந்து குரல்.

"சிரிக்காதீங்க!"

அவள் கத்தியதில் ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. சிரிப்பு பாதியில் நின்றது. முன்வரிசைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாற்பது வருஷமாச் சிரிச்சாச்சு. கொஞ்சம் வாயை மூடுங்க. உங்ககிட்ட நான் கேக்கலை. அந்த அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி." க்வென் பக்கம் திரும்பினாள். "படம் இங்கே இருக்கு. கண்ணாடி உங்க கழுத்திலே இருக்கு. ‘ஈரம்’னு இருந்ததை அடிச்சுட்டு ‘காய்ந்தது’ன்னு எழுதினது யாரு?"

அறையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான். க்வென் கண்ணாடியைத் தொட்டாள். ஒரு கணம், போட்டுக்கொள்ளப்போகிறாள் என்றே சொராய்டா நினைத்தாள். டென்னிகூட எழுந்து நின்றுவிட்டார், கையில் பேனாவோடு.

க்வென் கண்ணாடியை விட்டுவிட்டுக் கைத்தடியைத் தேடினாள். பக்கத்திலிருந்தவர் எடுத்துக் கொடுத்தார். தடியை ஊன்றி எழுந்தாள். பட்டுத்துணியைச் சரிசெய்துகொண்டாள். நடுப்பாதையில் நடக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, கேட்டேனே?" என்றாள் சொராய்டா. "க்வென்! உங்களைத்தான்!"

என்ன செய்வதென்று தெரியாத ஜனங்கள், தங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார்கள். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து கை தட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர். கிழவி விடைபெறுகிறாள் என்று எண்ணி வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து, நனைந்த கோட்டுகளோடு கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் சொராய்டாவின் குரல் ஒலிபெருக்கியில்கூட எடுபடவில்லை. டென்னி மட்டும் தட்டவில்லை. எலாடியோ கதவுப்பக்கம் நின்றிருந்தார். வழியை மறிக்கிறவர் போல நின்றவர், கடைசியில் விலகித்தான் ஆகவேண்டியிருந்தது.

க்வென் அவரிடம் தலையை லேசாக அசைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.