ஆற்று மணலில் அக்கா போட்ட சத்தம்

ஆடி அமாவாசை நெருங்கினால் எங்கள் வீட்டில் யாருக்கும் உடம்புக்கு வராது. காய்ச்சலில் படுத்திருப்பவர்கூட எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, நானும் வாரேன்" என்பார். பாபநாசத்து ஆற்றங்கரையில் கொட்டகை போட்டு நாலைந்து நாள் தங்குவதை யார்தான் விடுவார்கள்? பக்கத்துக் கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால், "வீட்டையே பேத்துக்கிட்டு வார உங்க அம்மாவ எந்த ரயில்ல ஏத்த?" என்று அப்பா கேட்பார். அதனால் எங்களுக்குக் கூண்டு வண்டிதான்.

அம்மா உண்மையிலேயே வீட்டைப் பெயர்த்துக்கொண்டுதான் வருவாள். அம்மி ஒன்றைத்தான் விட்டுவைப்பாள். ஆற்றுக்குள் தட்டையான பாறை ஒன்றைத் தேடித் தேய்த்துக் கழுவி, குழவிக்கு ஒரு உருண்டைக் கல்லை எடுத்து, கொள்ளை வறுத்து அதிலேயே கானத்துவையல் அரைப்பாள். ஆற்று நீர் கலங்கலாக வந்தால் கரையோர மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் தெளிந்த நீரைச் சிரட்டையால் மொண்டு பானையை நிரப்புவாள். அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துத்தான் படுக்கை விரிப்பாள். அந்த வெறும் மணலில் ஒரு குறையும் இல்லாமல் அவள் குடித்தனம் நடத்தியதைப் பிறகு பெரிய பெரிய வீடுகளிலும் நான் பார்த்ததில்லை.

அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, குடும்பத்தோடு இன்னொரு வண்டியில் வருவார். இரண்டு வண்டிகளையும் எதிரும் புதிருமாக நிறுத்தி, மேலே மூங்கில் போட்டு, ஓலைப்பாயைக் கட்டினால் அதுதான் இரண்டு வீட்டுக்கும் ஒரே கொட்டகை. கட்டுவது என் அக்கா. அவள் போட்ட முடிச்சு மேல்காற்றுக்கும் அவிழாது. நீச்சலிலும் அப்படித்தான். இந்தக் கரையில் முங்கினால் நடு ஆற்றுப் பாறையில் தலையைத் தூக்குவாள். கூடவே முங்கி, பாதியில் மூச்சு முட்டி எழும்புகிறவன் மாமா மகன். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. "ஏலே, தோத்துட்டியாலே" என்று அவள் பாறைமேல் நின்று கேட்பது கரை முழுக்கக் கேட்கும்.

அவனையே அவளுக்குக் கட்டிவைத்தார்கள். மாமா மகன் எனக்கு மச்சான் ஆனார். அக்காவுக்கு மட்டும் அவர் பழையபடி 'ஏலே'யாகவே இருந்தார்.

தனியாக இருக்கும்போது சொல்லித் தொலைத்திருந்தால் பரவாயில்லை. ஒருநாள் மாமா வீட்டுப் பந்தியில் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, மச்சான் பரிமாறிக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் நின்று அக்கா, "ஏலே, அங்கன கடைசி இலைக்கு ரசம் போகல பாரு" என்றாள். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே ரசத்தைக் கொண்டுபோனார். மாமியாரான என் அத்தைக்குத்தான் முகம் செத்துவிட்டது. "புருசனுக்கு மரியாதை குடுக்கப் படிச்சபொறவு வரட்டும்" என்று மறுநாளே அக்காவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டாள்.

மாதங்கள் போயின. கூப்பிட ஆள் வரவில்லை. கடையத்துப் பக்கம் அத்தை வேறு பெண் விசாரிக்கிறாள் என்று பேச்சு வந்தது. அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு குறைந்துபோனது. அப்பாவுக்கு ரோஷம் அதிகம். ஆற்றுக்குக் கிளம்பும் முன் அம்மாவிடம் சொன்னார்:

"அமாவாசை முடிஞ்சு வண்டி கட்டுதப்போ அவங்களாக் கூப்பிட்டா இவ போகட்டும். இல்லைன்னா அதோட அத்துது. நான் போயி யார் கால்லயும் விழ மாட்டேன்."

அந்த வருஷம் மாமாவின் வண்டி எங்கள் வண்டியை விட்டுத் தள்ளி நின்றது. ஒரே மணலில் இரண்டு கொட்டகை. மாமாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்தது.

அம்மா அக்காவுக்குப் பாடம் எடுத்தாள். "'ஏங்க'ன்னு சொல்லுட்டி. பையச் சொல்லு." அக்கா பானையைப் பார்த்து "ஏங்க" என்பாள், வண்டிமாட்டைப் பார்த்து "ஏங்க" என்பாள். சிரிக்காமல் சொன்னாள், அதுதான் பாவமாக இருந்தது. இரண்டாம் நாள் மச்சான் உப்புக் கேட்கிற சாக்கில் எங்கள் கொட்டகைப் பக்கம் வந்தார். அத்தை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தலையைக் குனிந்து, "ஏங்க, இந்தாங்க உப்பு" என்றாள். மச்சான் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

அமாவாசையன்று காலை வெயில் நன்றாக அடித்தது. தர்ப்பணம் கொடுக்கிறவர்கள், குளிக்கிறவர்கள் என்று ஆறு முழுக்கத் தலைகள். மச்சான் வண்டிமாட்டைக் குளிப்பாட்ட ஆற்றின் நடுவரைக்கும் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். இங்கே வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்துகொண்டிருந்திருக்கிறது. முதலில் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பிறகு தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. "வெள்ளம், வெள்ளம்" என்று மேலே யாரோ கத்த, ஆற்றில் இருந்தவர்கள் விழுந்தடித்துக் கரையேறினார்கள்.

மச்சான் ஏறவில்லை. மிரண்டு நின்ற மாட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே பாறை இருந்தது, ஆனால் மாட்டை விட்டால்தானே அதில் ஏற முடியும். கரையில் நின்ற பெண்கள் எல்லோரும் அவரவர் புருஷனைப் பார்த்து, "ஏங்க, வாங்க, ஏங்க" என்று கத்தினார்கள். அக்காவும் "ஏங்க" என்றாள். ஆற்று இரைச்சலில் அத்தனை 'ஏங்க'வில் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? மச்சான் நிமிரவே இல்லை. அத்தை வாயைத் திறந்தாள், குரல் எழும்பவில்லை. தண்ணீர் அவர் நெஞ்சுக்கு ஏறியது.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைப்பாறை ஒன்றில் ஏறினாள்.

"ஏலே! கயித்த விடுலே! பாறையில ஏறுலே!"

மச்சான் சட்டென்று தலையைத் தூக்கினார். யோசிக்கவே இல்லை. கயிறு கையை விட்டது, இரண்டே எட்டில் பாறைமேல் இருந்தார். அவர் நின்ற இடத்தில் ஒரு பெரிய மரக்கட்டை உருண்டு போனது. மாடு தன் பாட்டுக்கு நீந்தி, கீழே படித்துறைப் பக்கம் கரையேறியது. அந்த மாட்டுக்கு இருந்த புத்தி மச்சானுக்கு இல்லை என்று இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

தண்ணீர் வடிகிறவரைக்கும் மச்சான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா இந்தப் பாறையை விட்டு இறங்கவில்லை. கரைக்கு வந்தவரை அத்தை முதுகில் ரெண்டு போடு போட்டாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கொட்டகையில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "எல்லாரு முன்னாடியும் இப்படிக் கத்திட்டாளே" என்று அம்மா தனக்குள் முனகினாள். எனக்கோ அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் கொட்டகையைப் பிரித்தார்கள். அக்கா தானே கட்டிய முடிச்சுகளைத் தானே அவிழ்த்தாள். அவளுடைய துணிமூட்டையை அப்பா எங்கள் வண்டியில் ஏற்றிவிட்டு, மாமா பக்கம் பார்க்காமல் மாட்டைப் பூட்டப் போனார்.

அப்போது அத்தை எங்களிடம் நடந்து வந்தாள். சுற்றிலும் வண்டி கட்டிக்கொண்டிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. அவள் நேராக அக்காவின் முன்னால் நின்றாள்.

"நாங்களும் கெளம்பணும். அவன் அங்கன மருதமரத்தடியில நின்னு யார்கூடயோ பேசிக்கிட்டு இருக்கான். நான் கூப்பிட்டாக் கேக்க மாட்டேங்கான். நீ கூப்பிடு."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்ல, "ஏங்க" என்றாள்.

"அது அவனுக்குக் கேக்காதுட்டி" என்றாள் அத்தை. "கேக்கிற மாதிரி கூப்பிடு."

அக்கா கூப்பிட்டாள். மருதமரத்தடியிலிருந்து மச்சான் ஓடி வந்தார். அப்பா எங்கள் வண்டியிலிருந்து அந்தத் துணிமூட்டையை எடுத்துக்கொண்டுபோய், மாமாவின் வண்டியில் வைத்தார்.