ஒரு சொட்டு மஞ்சள்

வாளையார் கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் அந்த மனிதருக்கு இமைகளில்கூட வெள்ளைத் தூசி படிந்திருந்தது. மகளைப் பள்ளியில் விடப்போன நான், எங்கள் வெள்ளைக் காரின் கதவைத் தூணில் உரசியிருந்தேன். ஒட்டுப்போட்டது தெரிந்தால் கணவர் இனிச் சாவி தரமாட்டார்.

அவர் காரின் பெட்ரோல் டேங்க் வெளிமூடியைக் கழற்றி, மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் கலந்தார். வெயிலில் பழுத்த வெள்ளை அது. ஒரு சொட்டு மஞ்சள் சேர்த்து, மூடியோரம் தொட்டுவைத்து, ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

"இன்னொருக்கா பாருங்களேன்."

"வேண்டாமுங்க. மறுக்காப் பாத்தா சரியா இருக்கறதும் தப்பாத்தானுங்க தெரியும்."

மகளின் நெற்றியைப் பத்துமுறை தொட்டும் காய்ச்சலா இல்லையா என்று தீர்மானிக்க முடியாதவள் நான். அவர்மேல் பொறாமையாக இருந்தது.

கணவர் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. நான்தான் தினமும் அந்தக் கதவருகே நின்று நிறத்தை உற்றுப் பார்த்து, அந்த மனிதரால் மட்டும் எப்படி மறுமுறை பார்க்காமல் இருக்க முடிந்தது என்று வெந்துகொண்டிருக்கிறேன்.