‘உ’ என்று ஒரு பொருள்

என்னை மந்தம் என்று சொன்னவர்களை நான் மறப்பதில்லை. மறக்கிற சுபாவம் இருந்திருந்தால் இந்த வேலையில் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

செம்பூரில் ஒரு சின்ன ஆபீஸ். கட்டப்போகும் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கட்டி, ஜன்னல் வழியாக வெயில் விழுந்து ஆள் குடியிருக்கிற மாதிரிப் படமாக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். எங்களுக்கு அவர் சார். நான் தாராவி, அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சாருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது தமிழ்தான், அதுவும் ஒரே தமிழ் இல்லை.

மாட்டுங்காவில் பழைய குடியிருப்பு ஒன்றை இடித்துவிட்டு ஏழு மாடி கட்டப் போகிறார்கள். இருபத்தெட்டு வீடு. அந்தப் படவேலை முழுவதையும் சார் என்னிடம் கொடுத்தார். ஐந்து வருடமாக மற்றவர்கள் வரைந்ததற்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவளுக்கு, முதல் முறையாக முழுசாக ஒரு கட்டடம். முடித்ததும் சொசைட்டி ஹாலில், அதாவது அவர்களுடைய குடியிருப்போர் சங்கத்து ஹாலில், குடியிருப்பவர்கள் எல்லார் முன்னாலும் நின்று நானே விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அதற்காகப் புதுசாக ஒரு குர்தா எடுத்து வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது பெரிய விஷயம்.

வீடுகளை ஒவ்வொன்றாகக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைக்க வைக்க, ஃபைல் அடம்பிடிக்க ஆரம்பித்தது. மவுசால் கட்டடத்தைத் திருப்பினால், அது திரும்பி முடிப்பதற்குள் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். வெளிச்சம், நிழல் எல்லாம் கணக்குப் போட்டு முழுப் படமாக வருவதை ரெண்டர் என்போம். ஒரே ஒரு படம் ரெண்டர் ஆகப் பதினோரு மணி நேரம் என்று காட்டும். பாதியில் மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். மறுபடி முதலிலிருந்து. இப்படியே இரண்டு வாரம் போனது.

"மெஷின் நன்னாத்தான் இருக்கு, போன வருஷம்தான் வாங்கினேன்," என்றார் சார், எல்லார் முன்னாலும். "ஓட்டறவாதான் மந்தம். கோலம் அது இதுன்னு கண்டதையும் போட்டு ரொப்பி வெச்சிருக்கே. வியாழக்கிழமைக்குள்ள படம் வரலேன்னா வேற ஆள்ட்ட குடுத்துடுவேன். நீ பழையபடி கலர் அடிச்சிண்டிரு."

கோலத்தைச் சொன்னதில்தான் எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு வாசலிலும் கோலம் வேண்டும் என்று கேட்டவர் சொசைட்டி செக்ரட்டரி மாமி. நான் அதைக் காகிதத்தில் போட்டு, ஃபோட்டோ எடுத்து, தரைமேல் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டியிருந்தேன். அதற்குக் கனமே கிடையாது. தட்டையான படம் எத்தனை இருந்தாலும் மெஷின் ஓரளவு சமாளித்துவிடும். வளைவு நெளிவோடு செதுக்கிய உருவம்தான் அதைக் கொல்லும். நமக்கு ஒரு வளைவு, அதற்கு ஆயிரம் குட்டி முக்கோணம். இதுகூடத் தெரியாமலா ஐந்து வருடம் ஓட்டினேன்?

இருந்தாலும் கோலங்களை எடுத்துப் பார்த்தேன். ரெண்டர் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. மரியாதையாகத் திருப்பி வைத்தேன். விளக்குகளைப் பாதியாக்கினேன். கண்ணாடிகளில் விழும் பிம்பங்களை அணைத்தேன். வாசல் தோட்டத்து மரங்களையெல்லாம் வெட்டித் தள்ளினேன். ஒன்றுக்கும் அது அசைந்துகொடுக்கவில்லை.

பக்கத்து மேஜையில் வேலை பார்ப்பவன் அணுசக்தி நகர்க்காரன், அப்பா விஞ்ஞானி. வீட்டில் தமிழ்தான் பேசுவான், ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. நல்லவன். இந்தக் கட்டடம் கைமாறினால் அவனுக்குத்தான் போகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"அரே, சோட் யார், விட்டுத் தள்ளு," என்று இந்தியும் தமிழுமாக ஆரம்பித்தான். "எல்லாத்தையும் லோ குவாலிட்டில போட்டு அனுப்பிடு. அந்த வயசானவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்லா," என்றேன்.

புதன்கிழமை காலையில் ஒரு வீட்டின் ஃபைலை மட்டும் தனியாகத் திறந்தேன். உள்ளே இருந்த பொருள்களில் பாதியை அழித்து, வேறு பெயரில் சேமித்தேன். ஃபைலின் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. மிச்சத்தில் பாதியை அழித்தேன். சோபா போனது, அடுப்படி போனது, ஜன்னல், சுவர், கடைசியில் தரையும் போனது. திரையில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத அந்த ஃபைல், குடித்தனம் நடத்துகிற வீட்டுக்குச் சமமாகக் கனத்தது. எனக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. காலி வீடே இப்படிக் கனக்கிறது என்றால் தப்பு என்னுடையது இல்லை.

பொருள்களின் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி மிச்சமிருந்தது. பக்கத்தில் சின்னதாகப் பூட்டுப் படம். மொத்தமாக அழித்தாலும் அது மட்டும் அழியாதபடி யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்தான். "அது டூ. ஏதாவது செகண்ட் காப்பியா இருக்கும். எல்லா ஃபைல்லயும் இருக்கு, நான் பார்த்திருக்கேன்."

அது இரண்டு இல்லை. ‘உ’. பிள்ளையார் சுழி. எழுத்துத் தெரியாத கண்ணுக்கு அது இரண்டாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். சேர்ந்த புதிதில் அதைச் சொன்னபோது இந்த ஆபீஸில் சிரித்தார்கள். நானோ ஒவ்வொரு பரீட்சைத் தாளின் தலையிலும் அந்தச் சுழியைப் போட்டுவிட்டுத்தான் பெயரையே எழுதியவள்.

பூட்டைத் திறந்து, அந்தப் பொருளின் அருகில் போகச் சொன்னேன். திரை தரைமட்டத்துக்குக் கீழே இறங்கியது. கான்கிரீட் இருந்திருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் உயரத்தில், பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். நெருங்க நெருங்கத் தும்பிக்கையின் மடிப்பு தெரிந்தது, கொழுக்கட்டையின் சொரசொரப்பு தெரிந்தது, எலியின் மீசை தெரிந்தது. நிஜச் சிலையைச் சுற்றிச் சுற்றி ஸ்கேன் எடுத்த உருவம். முக்கோணங்களின் எண்ணிக்கை கோடிக்குப் பக்கத்தில் நின்றது.

சாரின் வழக்கம் அப்போதுதான் புரிந்தது. புது வேலை எதுவானாலும் அவர் தயாரித்து வைத்திருக்கும் ஆரம்ப ஃபைலிலிருந்துதான் நாங்கள் தொடங்க வேண்டும். அதில் முதல் பொருளாகப் பிள்ளையாரை வைத்து, யாரும் கைதவறி நகர்த்திவிடக் கூடாதே என்று பூட்டி, பார்ப்பவர் கண்ணில் படாமல் தரைக்குள் இறக்கி வைத்திருக்கிறார். கட்டடத்துக்கு ஒரு ஃபைல் என்று இருந்தவரை பிள்ளையாரும் ஒருவர்தான்; மெஷின் தாங்கியது. இந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு குடும்பமும் அடுப்படியை ஒவ்வொரு விதமாகக் கேட்டதால், வீட்டுக்கு ஒரு ஃபைல் என்று இருபத்தெட்டு போட்டிருந்தேன். வீட்டுக்கு ஒருவர், கட்டடத்துக்குப் பொதுவாக ஒருவர், ஆக இருபத்தொன்பது பிள்ளையார். மெஷின் பாவம், யார் கண்ணுக்கும் தெரியாத அத்தனை எலி மீசையையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

எனக்கும் பிள்ளையாரைப் பிடிக்கும். ஆனால் சாரிடம் கேட்கப் போகவில்லை. கேட்டால் நல்ல நாள் பார்க்கலாம் என்பார், வியாழக்கிழமை தாண்டிவிடும். மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே இருபத்தொன்பது பேரையும் எடுத்தேன். மவுசைத் தொட்டதும் கட்டடம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. வெட்டிய மரங்கள், குறைத்த விளக்குகள் எல்லாவற்றையும் திருப்பி வைத்தேன்; அப்படியும் படம் நாற்பது நிமிடத்தில் வந்து விழுந்தது, கோலத்தோடு.

சார் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். என்ன பண்ணினே என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"பிள்ளையாரை டிலீட் பண்ணினியா?" கன்னத்தில் போட்டுக்கொண்டார். "யாரைக் கேட்டுண்டு பண்ணினே?"

"என்னை மந்தம்னு சொன்னப்ப நீங்க யாரைக் கேட்டீங்க சார்?"

அப்படியேதான் கேட்டேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று காத்து நின்றேன். "சனிக்கிழமை சொசைட்டி ஹால்ல நான் பேசிக்கறேன். நீ மவுசை மட்டும் பிடி," என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை குர்தாவைப் போட்டுக்கொண்டுதான் போனேன். ஹால் நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள், அத்தனை வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் செக்ரட்டரி மாமி. சார் மைக்கைப் பிடித்தார்.

"எங்க பொண்ணு புதுசு, இப்பதான் கத்துண்டிருக்கா. அதனாலதான் ரெண்டு வாரம் லேட் ஆயிடுத்து. நீங்கள்ளாம் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடச் சும்மா இருந்திருப்பேன். அந்தப் பரிதாபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மவுசை விட்டுவிட்டு எழுந்தேன்.

"நான் புதுசு இல்ல மாமி, அஞ்சு வருசமா இதே வேலைதான் பாக்கேன். லேட்டானதும் என்னால இல்ல. உங்க ஒவ்வொரு வீட்டுத் தரைக்கு அடியிலயும் ஒரு பிள்ளையார் இருந்தாரு. அவரைக் கண்டுபிடிச்சு எடுத்தது நாந்தான்."

ஹாலே திரும்பிப் பார்த்தது. மைக் இல்லாமலே நடந்ததை நடந்தபடி சொன்னேன். எலி மீசையில் வந்தபோது பின்வரிசையில் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்துவிட்டது. சார் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ நீயே சொல்லேம்மா," என்றார் மாமி. "என் அடுப்படில காலம்பற வெயில் வருமோ?"

கட்டடத்தைத் திருப்பினேன். ஐந்தாம் மாடிக்குப் போய், காலை ஏழு மணி வெயிலை அவர் அடுப்பு மேடையில் விழ வைத்தேன். அதன்பிறகு ஒவ்வொருவராக எழுந்து அவரவர் வீட்டைக் காட்டச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நான்தான் பேசினேன்.

படியிறங்கும்போது சார் என்னை நிறுத்தினார். "எல்லார் முன்னாடியும் என்னை அவமானப்படுத்திட்டே. திங்கட்கிழமை வந்ததும் மொதல்ல ஸாரி சொல்லு. இல்லேன்னா வராதே."

திங்கட்கிழமை போனேன். நேராக என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்து என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் எழுந்து போகவில்லை. மாமி மாற்றங்களைச் சொல்ல ஆபீஸுக்கு ஃபோன் செய்து, அந்தப் பெண்ணிடம் கொடு என்று கேட்டார். மத்தியானம் சார் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், வடாலாவில் ஒரு புதுக் கட்டடத்தின் பிளானை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். ஸாரி இன்னும் சொல்லவில்லை.