கொரியத் திருடன் அழும் நேரம்

கொரியப் படங்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பும் ஒரு டிவி சேனலில் என் வீட்டுக்காரர் எடிட்டர். அங்கேயே நான் டப்பிங் பேசுகிறேன். பேசுகிறேன் என்பதைவிட அழுகிறேன் என்பதே சரி. நான் அழுதால் எனக்குச் சம்பளம், அந்த அழுகையை வெட்டினால் அவருக்குச் சம்பளம். எங்கள் குடித்தனம் எந்த லட்சணத்தில் நடக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீசில் அவருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். என் அம்மா முழங்கால் வலியைச் சொல்ல வாயெடுத்தால்கூட, "மாத்திரை போட்டீங்களா அத்தை?" என்று முதல் வரியிலேயே முடித்துவிடுவார். கொள்ளைப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். கார் பறக்க வேண்டும், பெட்டகம் திறக்க வேண்டும். நடுவில் எவனாவது கண்ணைக் கசக்கினால் போச்சு.

"திருட வந்தவனுக்கு அழ ஏதும்மா நேரம்?"

"கொரியாக்காரன் அழுதுட்டுத்தாங்க திருடுவான். அதுக்குத்தானே ஜனங்க பாக்குறாங்க!"

கேட்டால்தானே? போன மாதம் ஒரு படத்தில், ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளிடம் திருடன் அழும் காட்சியை முழுசாகத் தூக்கிவிட்டார். அந்த மகளுக்குக் குரல் கொடுத்து நான் தொண்டை கட்ட அழுததும் அதோடு போயிற்று. கடைசியில், வைரத்தோடு தப்பியவன் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போலீசிடம் மாட்டிக்கொள்கிறான். அவனுக்கு மகள் இருப்பதே பார்த்தவர்களுக்குத் தெரியாது. "அவனுக்கு என்ன, வயித்து வலியா?" என்று போன் மேல் போன். மேனேஜர் கூப்பிட்டார்.

"அடுத்த படத்துக்கு ஒரு புகார் வந்தாலும் நீங்க வீட்டுக்குப் போகலாம் சார்."

அடுத்ததும் கொள்ளைதான். வங்கிக்கு அடியில் தோண்டிய சுரங்கம் இடிந்து தம்பி சிக்கிக்கொள்கிறான். போலீஸ் நெருங்கிவிட்டது. அண்ணன் ஓடாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், அழுகிறான், அப்படி அழுகிறான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"படத்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள அடக்கணும். எங்க வெட்டறதுன்னு நீயே சொல்லேன்."

"துரத்துற இடத்துல வெட்டுங்க. ஒரு கார் எத்தனை தடவைதான் உருளும்?"

அரை மனதோடு வெட்டினார். ஞாயிறு மதியம் படம் ஓடியபோது ஆபீஸ் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அண்ணன் அழுதுகொண்டிருக்கும்போதே விளம்பரம் வந்தது. உடனே போன் அடித்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்ப்பா, இப்பவா விளம்பரம் போடுவீங்க? அந்தச் சின்னவன் பிழைச்சுடுவானா, அதை மட்டும் சொல்லிடு," என்றார் யாரோ ஒரு பெரியவர்.

இது புகாரே இல்லை! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பிழைச்சுடுவான் ஐயா," என்றார் இவர்.

"என் தம்பி பிழைக்கலப்பா," என்றார் பெரியவர். ஸ்பீக்கரில் அவர் அழுவது கேட்டது.

விளம்பரம் முடிந்து படம் திரும்ப ஓடத் தொடங்கியது. இவர் போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க தம்பி பேரு என்னங்கய்யா?" என்றார்.