லூர்து மேரி ஏறப் பயந்த வேன்

வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போவதென்று, தெருவில் கூடி ஜெபிக்கிற அன்பியத்துப் பெண்கள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து லூர்து மேரிக்குச் சோறு இறங்கவில்லை. மாதாவைப் பார்க்கும் ஆசை அவளுக்கு இருந்த அளவு அந்தத் தெருவில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. புருஷன் கண்மூடிய வருஷம் செய்துகொண்ட நேர்ச்சை இன்னும் செலுத்தாமல் கிடந்தது. ஆனாலும் வேன் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவாள்.

காரணத்தை அவள் எவரிடமும் சொன்னதில்லை. பாலக்கோடு தக்காளி மண்டிக்கு இளம்வயதில் கூலிக்கு வந்தவள். மகன் அமலனைப் பெற்ற பச்சை உடம்பு ஆறும் முன்பே தக்காளிப் பெட்டியைத் தலைக்கு ஏற்றினாள். ஏற்றாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அன்று தளர்ந்த அடிவயிறு பிறகு சரியாகவே இல்லை. வயது ஏற ஏற, இருமினாலும் தும்மினாலும், சற்று அடக்கி உட்கார்ந்தாலும், அவளை அறியாமல் சிறுநீர் கசிந்தது. மண்டிக்குப் பின்னால் ஒரு மறைவு இருந்ததால் வேலை நேரத்தை ஓட்டினாள். போன வருஷம் தருமபுரிக்குப் பஸ்ஸில் போனபோது ஓட்ட முடியவில்லை. அவள் எழுந்த சீட்டில் உட்கார வந்த காலேஜ் பெண் ஒருத்தி, ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட லூர்து மேரி மறந்திருப்பாள். அந்த மௌனம் அவளைக் கொன்றது.

தருமபுரி பக்கத்து ஊர். வேளாங்கண்ணி அப்படியா? ஒரு பகல் முழுக்க, தெரிந்த பெண்களோடு தோளுரச உட்கார வேண்டும். ஆண்கள் கேட்டால் எந்தப் புளியமரத்தடியிலும் வேன் நிற்கும். பெண் பிள்ளை வாய் திறந்து எப்படிக் கேட்பாள்?

ஜெபமாலை முடிந்த ஒரு சாயங்காலம், பயணத்துக்கு முன்னின்ற பிலோமினா வீட்டில் பயணப் பேச்சு எழுந்தது. லூர்து மேரி முந்திக்கொண்டாள்.

“தொப்பூர் எறக்கத்துல எப்பப் பாத்தாலும் ஒரு லாரி கவுந்து கெடக்குது. நமக்கு என்னாத்துக்கு இந்த வம்பு?”

“முருகேஷு வண்டிதான்க்கா. எறக்கத்துல மாட்டு வண்டி மாதிரிதான் ஓட்டுவான்,” என்றாள் பிலோமினா.

“சீட்டு இடுக்கலா இருக்கும். காலு வீங்கிப்பூடும்.”

“முன் சீட்டு உனக்குத்தான். காலை நீட்டிக்க.”

“ஏசி எனக்கு ஒத்துக்காது.”

“சன்னலைத் தொறந்து வெச்சுக்க.”

“ஊரு மாறித் தண்ணி குடிச்சா ஒடம்புக்கு ஆவாது.”

“அத்தை, நம்ம வூட்டுத் தண்ணியவே கேன்ல புடிச்சாந்துடறேன்,” என்றாள் மருமகள் அருள்ராணி, அக்கறையாக.

“ஏன்க்கா, மாதாவையே வண்டி ஏத்தி உன் வூட்டு வாசல்ல எறக்கச் சொல்லலாமா?” என்று பிலோமினா கேட்கவும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் அவள் கையிலிருந்த சாக்குகளெல்லாம் தீர்ந்துபோயின. நாக்கு தானாக ஒரு சொல்லை உருட்டிப் போட்டது.

“அந்த முருகேஷு மேல சாராய வாடை அடிச்சுதுடி. காலங்காத்தால மண்டிகிட்ட பாத்தேன்.”

சிரிப்பு அறுந்தது. யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். பயணம் அப்போதைக்குத் தள்ளிப்போயிற்று. லூர்து மேரி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். ஐயோ, அந்த நிம்மதி அவளிடம் ஒரு ராத்திரி கூடத் தங்கவில்லை.

முருகேஷ் குடிக்காதவன். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் மண்டியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளி பிரிக்கிற கலைமணி அவன் மனைவி. “எங்கூட்டுக்காரரு டீயே அளவாத்தான் குடிப்பாரு” என்று கலைமணி பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் லூர்து மேரி கேலி செய்திருக்கிறாள்.

சொல் தெருவைத் தாண்டியது. முருகேஷின் வேனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளை, ஒருவர் பின் ஒருவராகப் பெற்றவர்கள் நிறுத்தினார்கள். பேசி வைத்திருந்த கல்யாணச் சவாரியும் கைவிட்டுப் போனது.

கலைமணி ஒருநாள் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். “எந்த வாயி சொல்லுச்சோ தெரியலைங்கக்கா. நேத்து எம்புள்ள கேக்கறான், அப்பா குடிக்குமாம்மான்னு. அவரு அதைக் கேட்டுட்டு, சோத்துத் தட்டை வெச்சுட்டு எந்திரிச்சுட்டாரு.”

லூர்து மேரி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவிய கை தன்னுடையதுதானா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ‘அந்த வாய் இதுதான்டி’ என்று சொல்லிவிட நினைத்தாள். நினைத்தபடியே அழுகல் பழத்தை நல்ல பெட்டியில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண்கள் வெளியே வந்தபோது, கோயில் கேட்டுக்கு வெளியே முருகேஷ் நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம். கொஞ்சம் தள்ளிக் கலைமணி.

“கும்புடறேங்க. எம்மேல வாடை அடிச்சுதுன்னு உங்கள்ல ஒருத்தரு சொன்னீங்களாம். யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்க வந்து இப்பப் பாக்கட்டும். ஊதிக் காட்டறேன்.”

சொன்னது யாரென்று தெரிந்த கண்கள் எல்லாம் லூர்து மேரியின் பக்கம் திரும்பின. கலைமணியும் அந்தப் பார்வைகளைத் தொடர்ந்து திரும்பினாள். திரும்பிய கண் அவள் மேல் வந்து நிலைத்துப்போயிற்று.

முருகேஷ் கிட்ட வந்து, குனிந்து, அவள் முகத்துக்கு நேரே ஊதினான். சாப்பிடாத வயிற்றின் புளிப்பு வாடை. வேறொன்றும் இல்லை.

“இல்ல தம்பி,” என்றாள் லூர்து மேரி. “அன்னிக்கும் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்.”

முருகேஷ் கசப்பாகச் சிரித்தான். “இப்பிடிச் சொன்னா யாருங்க நம்புவாங்க? எம்பொண்டாட்டி அழுததுக்குப் பாவம் பாத்து மாத்திச் சொல்லிட்டாங்கம்பாங்க. பொய்யின்னா, என்னாத்துக்குச் சொன்னீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

“அதானே,” என்றாள் பிலோமினா. “வேற வேன்காரன் எவனாச்சும் சொல்லச் சொன்னானாக்கா?”

லூர்து மேரி சுற்றிலும் பார்த்தாள். கோயில் உபதேசியார் நிற்கிறார். பூசைக்கு வந்த ஆண்கள் நிற்கிறார்கள். மருமகள் நிற்கிறாள். வெறும் மன்னிப்பை வைத்து அவன் பெயரைக் கழுவ முடியாது என்பது அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் புடவை மடிப்புக்குள் ஒளித்ததை இந்தத் தெருவில் அவிழ்த்து வைத்தால்தான் அந்தப் பிள்ளைகள் மறுபடி அவன் வேனில் ஏறுவார்கள்.

“எனக்கு மூத்திரம் நிக்காது,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். “பெட்டி தூக்கித் தூக்கி ஒடம்பு கெட்டுப்போச்சு. போன வருஷம் பஸ் சீட்டையே நனைச்சுட்டேன். வேன்ல எல்லாரு முன்னாலயும் அப்பிடி ஆயிடுமேன்னு பயந்து, பயணத்தை நிறுத்தப் பாத்தேன். அதுக்கு உன் பேருதான் வாயில வந்துச்சு தம்பி.”

பின்னால் ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தாள். ஆண்கள் செருப்பைப் பார்த்தார்கள். முருகேஷின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவனாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கேட்ட எடத்துல நிறுத்தியிருப்பேனுங்களே,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். கலைமணி அவன் பின்னாலேயே போனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் மண்டியில் அவள் தன் மணையை எடுத்துக்கொண்டு எதிர்மூலைக்குப் போய்விட்டாள்.

பிள்ளைகள் மெல்ல மெல்ல வேனுக்குத் திரும்பினார்கள். வேளாங்கண்ணிப் பயணமும் முருகேஷின் வண்டியிலேயே உறுதியாயிற்று. தான் வரவில்லை என்று லூர்து மேரி கதவைச் சாத்திக்கொண்டாள். அருள்ராணி விடவில்லை. “அவரு வண்டியில நீங்க ஏறலைன்னா, இன்னும் சந்தேகம்னுதான் ஊரு பேசும்” என்றாள். அந்தச் சொல்லுக்காகவே லூர்து மேரி ஏறினாள்.

நாமக்கல்லைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வேன் நின்றது. யாரும் கேட்கவில்லை. “வண்டி சூடாயிருக்குது, ஆற வெக்கணுங்க” என்று பொதுவில் சொல்லிவிட்டு முருகேஷ் இறங்கினான். லூர்து மேரிக்குப் புரிந்தது. வேனுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. கேலி பேசிய பிலோமினாதான் முதலில் குதித்து ஓடினாள்.

கடைசியாக லூர்து மேரி வாசலுக்கு வந்தபோது அவன் கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

“தம்பி,” என்றாள்.

“படி ஒசரமுங்க. பாத்து எறங்குங்க,” என்றான் அவன், எந்தச் சவாரிக்கும் சொல்வதைப் போல.

லூர்து மேரி தலையை நிமிர்த்தாமல் இறங்கி நடந்தாள்.